திங்கள் முதல் சனி வரை ஜென்ட்ஸ் சைக்கிள்

கூச்சத்தை மறைக்க ஆண்கள் என்னென்னவோ காரணம் கண்டுபிடிப்பார்கள். நான் ஒரு சைக்கிள் ஃபிரேமையே கண்டுபிடித்தேன். அப்படி ஒன்றை அதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதில் எனக்குப் பெருமை வேறு. ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான், என் மனைவி மெர்சி, மூன்று வயது மகள் பியூலா. நான் ஃபேக்டரியில் வெல்டர். பெரிய பெரிய வண்டிகளுக்கு வெல்டிங் வைக்கிறவன் என்பதால், இரும்பு சம்பந்தமாக ஊரில் யார் பேசினாலும் கடைசி வார்த்தை என்னுடையதாக இருக்க வேண்டும். (கல்யாணமான புதிதில், மாமனார் ஆசையாக வாங்கிக்கொடுத்த இரும்பு பீரோவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தகடு கொஞ்சம் மெலிசு" என்று சொன்ன ஆள்தான் நான். அவர் சாகும் வரை அதை மறக்கவில்லை.)

நான் வேலைக்குப் போக ஒரு சைக்கிள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மாதா கோயிலுக்குப் போகவும் அதுவே ஆக வேண்டும். இரண்டு சைக்கிள் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. மெர்சிக்கு அதற்கு மேல் ஒரு ஆசை இருந்தது. லால்குடியில் பத்தாவது வரை சைக்கிளிலேயே பள்ளிக்கூடம் போனவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. தெருவில் எந்தப் பெண்ணாவது சைக்கிளில் போனால் போதும், அலசிக்கொண்டிருக்கும் துணியை அப்படியே விட்டுவிட்டு, அவள் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பாள். நானும் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மார்க்கெட் பக்கம் முனுசாமியின் சைக்கிள் கடை. அவன் ஃபிரேம்களைச் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பான். எது வேண்டும் என்று கையைக் காட்டினால் சக்கரம், ஹேண்டில், சீட் எல்லாம் மாட்டித் தருவான்.

"இன்னா சார், வண்டி உனக்கா ஊட்டுக்கா?" என்றான்.

"ரெண்டுக்கும்தான்."

மெர்சி அதற்குள் ஒரு பச்சை ஃபிரேமின் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். லேடீஸ் ஃபிரேம். அதைத் தடவிப் பார்த்தபடி, "ஏங்க, இது நல்லாருக்குல்ல? நீங்களும் ஓட்டலாம், நானும் ஓட்டலாம்" என்றாள்.

"அக்கா சொல்றது கரெக்ட் சார். பேண்ட் போட்டாலும் ஓட்டலாம், பொடவை கட்டினாலும் ஓட்டலாம். பாப்பாவ முன்னாடி குந்த வச்சிக்கலாம்" என்றான் முனுசாமி.

எனக்கு உடனே ஃபேக்டரி கேட் கண்ணில் வந்து நின்றது. சங்கு ஊதியதும் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் ஒன்றாக வெளியே வரும். எங்கள் வெல்டிங் ஷாப்பில் ஒருவன், தன் சைக்கிள் பஞ்சர் என்று ஒரே ஒரு நாள் தங்கையின் சைக்கிளில் வந்துவிட்டான். அன்றைக்கு அவனுக்கு 'தங்கச்சி' என்று பெயர் விழுந்தது. அவன் ரிட்டயர் ஆனபோது போட்ட மாலையில்கூட யாரோ அந்தப் பெயரைத்தான் எழுதி மாட்டினார்கள்.

இதை மெர்சியிடம் சொல்ல முடியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேல் பார் இல்லாத ஃபிரேம் லோடு தாங்காது. முக்கோணம் இருந்தால்தான் பலம். இதெல்லாம் உனக்குப் புரியாது" என்றேன்.

அவள் அந்தப் பச்சையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இருபத்திரண்டு இன்ச் கறுப்பு ஜென்ட்ஸ் ஃபிரேமை வாங்கிக்கொண்டு வந்தோம்.

அதன் பிறகுதான் எனக்குப் பிடித்தது சனி. தினமும் அந்தச் சைக்கிளை மெர்சிதான் துடைத்தாள். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து, சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, பக்கத்து பிளாக் நண்பனோடு பேசிவிட்டுத் திரும்பி வருகிறேன், வீட்டின் பின்பக்கம் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒரு காலைப் பெடலில் வைத்து, மறுகாலால் தரையை உந்தி உந்திப் போய்க்கொண்டிருந்தாள். புடவையோடு பாரைத் தாண்டிக் காலைப் போட முடியாது, பாவம். சுவர் வரை போவாள், இறங்குவாள், திருப்புவாள், மறுபடி உந்துவாள். என்னைப் பார்த்ததும் ஸ்டாண்ட் போட்டுவிட்டு, "செயின்ல எண்ணெய் இல்லைங்க" என்றாள்.

யோக்கியனாக இருந்திருந்தால் முனுசாமியிடம் போய் ஃபிரேமை மாற்றிக்கொண்டு வந்திருப்பேன். நான்தான் வெல்டர் ஆயிற்றே.

"மேல் பாரை அறுத்து, ரெண்டு பக்கமும் போல்ட் வச்சிடறேன். திங்கள் முதல் சனி வரை ஜென்ட்ஸ் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை பாரைக் கழட்டினா லேடீஸ் சைக்கிள்" என்றேன்.

மெர்சி அந்தப் பாரைத் தட்டிப் பார்த்தாள். "அதுக்கு அந்தப் பச்சையவே வாங்கியிருக்கலாமே?"

"அது வேற, இது வேற."

முனுசாமியின் மச்சானுக்குக் கள்ளிக்குப்பத்தில் ஒரு பட்டறை இருந்தது. ஒரு லீவு நாளில் அங்கே வைத்து நானே அறுத்தேன். கூட வந்த முனுசாமிக்கு மனசே ஆறவில்லை. "நல்லா கீற ஃபிரேமை இன்னாத்துக்கு சார் அறுக்கற? கறுப்பு புடிக்கலைன்னா சொல்லு, பச்சையே தரேன், மாத்திக்கினு போ" என்று கெஞ்சினான். வாங்கிய சாமானை ஒரு கடைக்காரன் மாற்றித் தருகிறேன் என்று கெஞ்சியும், வேண்டாம் என்று மறுத்தவன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வாரம் பூராவும் கேட் வழியாக நிமிர்ந்து போனேன், வந்தேன். ஒரு பயலும் கண்டுபிடிக்கவில்லை.

ஞாயிறு வந்தது. காலைப் பூசை முடிந்ததும் கோயில் மைதானத்தில் வைத்து, ஸ்பானரை எடுத்து, சர்க்கஸ்காரன் மாதிரி பாரைக் கழற்றினேன். சுற்றிலும் கூட்டம். மெர்சி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். நான் சீட்டைப் பிடிக்கப் போனேன். "விடுங்க" என்றாள்.

விட்டேன். போனாள். ஐந்து வருஷமாகத் தொடாதவள் என்று யாரும் சொல்ல முடியாது. மைதானத்து நடுவில் மாதா சிலை வைத்திருக்கும் கெபியைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். மறுபடி ஒரு சுற்று. அவள் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்தன்றுகூட. யாரும் குறுக்கே வராதபோதும் மணியை அடித்தாள். பியூலா கைதட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். பக்கத்தில் பங்குத் தந்தை வந்து நின்றார். அவரிடம் என் கண்டுபிடிப்பை விளக்க ஆரம்பித்தேன். "குடும்பத்தோட போகலாம் ஃபாதர். இருங்க, காட்டறேன்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது சுற்றில் பாதி தூரம் வந்தவளைக் கையைக் காட்டி நிறுத்தி, கேரியரில் ஏறி உட்கார்ந்தேன். கழற்றிய பார் என் கையில். (கீழே வைத்தால் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள் என்று பயம்.)

"வேணாங்க" என்றாள் மெர்சி.

"நீ ஓட்டு" என்றேன்.

இரண்டு மிதி மிதித்திருப்பாள். கீழே எங்கோ ஒரு முனகல் கேட்டது. பிறகு முன்சக்கரமும் பின்சக்கரமும் ரகசியம் பேசப் போகிறவர்கள் மாதிரி மெதுவாக ஒன்றை ஒன்று நெருங்கின. நாங்கள் விழவில்லை. விழுந்திருந்தாலாவது ஓடிவந்து தூக்கியிருப்பார்கள், மானம் தப்பியிருக்கும். ஒட்டகம் உட்காருவது போல, அத்தனை பேர் பார்க்க, நிதானமாகத் தரையில் இறங்கினோம். மெர்சி எழுந்து நின்றுகொண்டாள். நான் மட்டும் கேரியரோடு மண்ணில் உட்கார்ந்திருந்தேன்.

ஃபாதர் குனிந்து என் கையைப் பார்த்தார். "சேவியர், அந்தக் கம்பி எதுக்கு?"

"இதுதான் ஃபாதர் லோடு தாங்கறது" என்றேன்.

மைதானம் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

மடங்கிய சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பியூலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசாமல் வந்தவள், குவார்ட்டர்ஸ் பக்கம் வந்ததும், "அந்தப் பச்சையில ரெண்டு கம்பி இருந்துச்சுங்க. மேல இருக்க வேண்டிய கம்பியக் கீழ சாய்ச்சு வச்சிருந்தாங்க. நான் அன்னைக்கே பார்த்தேன்" என்றாள். வெல்டருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்புறம் எனக்கு ஒரு பழைய ஜென்ட்ஸ் சைக்கிள் வந்தது. பல வருஷம் கழித்து, பியூலா எட்டாவது போனபோது ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கினோம். மெர்சி கேரியரைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கப் பின்னால் ஓடி மகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். நீயும் ஒரு தடவை ஏறு என்று எவ்வளவோ சொன்னேன். "இனிமே எனக்கு எதுக்குங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

எங்கள் குடும்பத்தில் எவனாவது வேலை செய்யாமல் சாமானைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், "இதுதான் ஃபாதர் லோடு தாங்கறது" என்று குரல் வரும். பியூலாவின் கல்யாணத்தில் மைக்கிலேயே சொன்னார்கள். இப்போது பேரன்கள் சொல்கிறார்கள். போன கிறிஸ்மஸுக்கும் இந்தக் கதை ஓடியது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், நானும்தான்.

"பாட்டி, நீங்க எவ்ளோ தூரம் ஓட்டினீங்க?" என்று சின்னவன் கேட்டான்.

மெர்சி யோசிக்கவே இல்லை. "ரெண்டரை சுத்து" என்றாள். "தாத்தா ஏறாம இருந்திருந்தா, இன்னும் சுத்திக்கிட்டே இருந்திருப்பேன்."