அரைச் சம்பளத்துக்கு அரைக் கதவு

'குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தை அறவே ஒழிக்க வேண்டும்' என்று எழுதி, 'அறவே'க்கு அடியில் கணக்கர் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, குளியலறைத் திரைக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"வாசல்ல உங்க தம்பி சத்தம் கேக்குது. உள்ளே விட்டுடாதீங்க! காத்துல திரை பறக்குது!"

கணக்கர் பேனாவை வைத்துவிட்டு ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டார். ஒற்றை அறை வீடு. குளியலறைக்குக் கதவு கிடையாது. ஒருவர் குளித்தால் இன்னொருவர் காவல்.

"ஒன்பது வருஷமா ஒரு கதவு கேக்குறேன்" என்றாள் மனைவி, தலையைத் துவட்டிக்கொண்டே.

"இந்தத் தடவை உறுதி. சம்பளம் ஏறினதும் கதவு வச்ச வீடு."

"அங்கேயும் நீங்க திரைதான் வாங்கிட்டு வருவீங்க."

கணக்கர் ஒன்பது வருஷமாக வேலை பார்த்தது தபால் உறை செய்யும் கம்பெனியில். சம்பள உயர்வு கேட்கும்போதெல்லாம் முதலாளி அவர் தோளில் கை போடுவார். "நீ என்ன தொழிலாளியாப்பா? நம்ம வீட்டுப் பிள்ளை. வீட்டுப் பிள்ளைக்கு யாராவது சம்பளம் ஏத்துவாங்களா?" கணக்கருக்குத் தோள் குளிர்ந்துவிடும். வீட்டுக்கு வந்து மனைவியைப் பார்த்ததும் மறுபடி சுடும்.

இந்த முறை முதலாளியே வாய் திறந்து சொல்லியிருந்தார். முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் அவர் பேச வேண்டும். "கைதட்டல் வாங்குற மாதிரி ஒரு உரை எழுதிக் கொடு. அப்புறம் உன் சம்பளத்தைப் பேசுவோம்."

கணக்கர் உயிரைக் கொடுத்து எழுதினார். கூலியைச் சட்டம் ஏன் சொல்ல வேண்டும்? கொடுப்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி முடித்தால் செலவும் குறையும், உறவும் வளரும்.

படித்த முதலாளிக்கு முகமெல்லாம் பல். பிறகு ஒரு சந்தேகம். "செஞ்சு பாத்தியான்னு எவனாவது கேட்டா? ஒரு வாரம் நம்ம கம்பெனியிலயே செஞ்சு பார். நீயே உக்காந்து பேசு."

கணக்கர் முதலில் பிடித்தது காவலாளியை. வாயில் பக்கத்துச் சுவரில் சட்டப்படியான ஊதியப் பட்டியல் ஒட்டியிருந்தது. அதன் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு ஒரு நாட்காட்டி. கம்பெனியில் ஒரு விளக்கைக்கூடத் தன் கையால் போடாத முதலாளி, அந்த நாட்காட்டியை மட்டும் வருஷா வருஷம் தானே வந்து மாட்டுவார்.

"பெரியவரே, பட்டியல்ல உங்களுக்கு இவ்வளவு போட்டிருக்கு. சும்மா உக்காந்திருக்கிற வேலைக்கு இது அதிகமில்லையா? பாதி வாங்கிக்கங்க. நான் என் சம்பளத்தைச் சொல்றேன், கேளுங்க." காதருகே குனிந்து சொன்னார். "நான் புலம்புறேனா?"

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவுதானா? ஐயோ பாவம். சரி, எனக்கும் பாதி போதும்."

இவ்வளவு சுலபமா! கணக்கர் அதை உரையில் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை காகிதம் ஏற்றி வந்த லாரி தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது. இரட்டைக் கதவில் ஒன்றுதான் திறந்திருந்தது.

"அந்தக் கதவு என்ன ஆச்சு?"

"அது பழைய சம்பளத்துக் கதவுங்க, ஐயா."

"விளையாடுறீங்களா?"

"நாம பேசினது பாதிதானே? நான் பேச்சு மாற மாட்டேன்."

கணக்கரே தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டினார். துரு கையில் வந்தது, தாழ்ப்பாள் வரவில்லை. லாரிக்காரர் காத்திருப்புக் கூலி கேட்டு ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் முழுச் சம்பளம், அதற்கு மேல் கொஞ்சம் என்று பேசியபிறகுதான் இரண்டாவது கதவு அசைந்தது.

சேதி உள்ளே போக எவ்வளவு நேரம்? உறைகளுக்குப் பசை போடும் 'பசை அக்கா' சொந்தமாக ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கணக்கரின் எதிரே உட்கார்ந்தாள். பசை மெஷின் இருபது வருஷப் பழசு. எந்த இடத்தில் தட்டினால் ஓடும் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

"எனக்கு ஒன்றரைப் பங்கு, தம்பி."

"அக்கா, உங்களுக்குச் சட்டத்துல இருக்கிறதே இருக்கட்டும்."

"எதிரெதிரே உக்காந்து பேசணும்னு நீங்கதானே எழுதினீங்க? உக்காந்துட்டேன். பேசுங்க."

கணக்கர் விறைப்பாக மறுத்தார். அக்கா முக்காலியோடு வீட்டுக்குப் போய்விட்டாள். கணக்கர் தாமே மெஷினைத் தட்டினார். அது ஓடத்தான் செய்தது. மாலைக்குள் பத்தாயிரம் உறைகள் நாலு பக்கமும் ஒட்டிக்கொண்டு வந்து விழுந்தன. கடிதம் என்ன, காற்றுகூட உள்ளே போகாது.

அக்காவுக்கு ஒன்றரைப் பங்கு முடிவானது. அடுத்த நாள் கணக்கரின் மேசைக்கு முன்னால் வரிசையாக முக்காலிகள். காகிதம் வெட்டுபவர், அடுக்குபவர், கூட்டுபவர், ஒருவர் பாக்கியில்லை. பேச்சு நடந்ததே தவிர ஒரு உறைகூட நடக்கவில்லை. வியாழக்கிழமைக்குள் மொத்தக் கூலி சட்டம் சொன்னதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது.

கணக்கைப் பார்த்த முதலாளி நாற்காலியில் சரிந்தார்.

"உரை எங்கேப்பா?"

"இருக்குங்க. கைதட்டுற இடத்துக்கெல்லாம் கோடு போட்டிருக்கேன்."

"கிழிச்சுப் போடு! சட்டத்துல இருக்கிறதை அப்படியே கொடு. ஒரு காசு கூட்டாதே, குறைக்காதே. உத்தரவா எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போட்டுத் தொலைக்கிறேன்."

"என் சம்பளம் பத்தி…"

"இனிமே பேச்சே கிடையாது, யாரோடயும்!"

இந்த முறை தோளில் கைகூட விழவில்லை. 'இங்கே வேலை செய்யும் எல்லாருக்கும் இன்று முதல் சட்டப்படியான ஊதியம்' என்று கணக்கர் அழகான கையெழுத்தில் எழுதினார். முதலாளி படிக்காமலே கையெழுத்திட்டார். பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போன தொழிலாளிகளும் விட்டால் போதும் என்று தலையாட்டினார்கள்.

பசைக் கிண்ணமும் உத்தரவுமாகக் கணக்கர் வாயிலுக்கு வந்தார். மனைவியிடம் என்ன சொல்வது? புதுத் திரையாவது வாங்கலாம், கெட்டித் துணியில்.

"எங்கே ஒட்டுறது, பெரியவரே? இடமே இல்லையே."

காவலாளி எழுந்து வந்து நாட்காட்டியைக் கழற்றினார். அடியில் இருந்த கடைசி வரியை விரல் வைத்துப் படித்தார். கணக்கரைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"ஐயா, கணக்கு எழுதுறவருக்குச் சட்டம் சொல்றது உங்க சம்பளத்துக்கு ரெண்டு மடங்கு. ஒன்பது வருஷமா அரைக் கதவு திறந்திருக்க வேண்டியது நீங்கதான்!"