ஏரிக்கரை ஏற்றத்தில் ஐம்பது டன் பிரஸ்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஒருநாள் ஓர் அரசாங்க ஜீப்பை நசுக்கப் பார்த்ததற்கு அதுதான் முழுக் காரணம். படிக்கத் தெரியாதவனாக இருந்திருந்தால் யாரையாவது கேட்டுத் தொலைத்திருப்பேன்.

1991. எனக்கு இருபத்து மூன்று வயது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்னப் பட்டறையில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். (ஸ்டோர்ஸ் என்றதும் பெரிய கிடங்கை நினைத்துவிடாதீர்கள். ஒரு அலமாரி, ஒரு பூட்டு, நான்.) இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி உதிரி பாகங்கள் செய்கிற பட்டறை. வல்லம் பக்கம் வயல்களுக்கு நடுவே எங்கள் முதலாளி புதிதாக ஒரு ஷெட் போட்டிருந்தார். பட்டறையின் பெரிய பிரஸ் மெஷினை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். திங்கட்கிழமை ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஷெட்டைப் பார்க்க வருகிறார்கள். மெஷின் நின்றால் ஆர்டர். நிற்காவிட்டால் ஷெட்டில் நெல் காயவைக்கலாம்.

சனிக்கிழமை காலை வர வேண்டிய லாரி வரவில்லை. வழியில் ஆக்சில் உடைந்துவிட்டது என்று போன் வந்தது. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது ஒரு குரல் கேட்டது.

"கவலப்படாதீங்க சார். எங்க மாமாகிட்ட டிராக்டர் கீது. டிரெய்லரும் கீது. நானே ஓட்டிகினு வரேன்."

யாரடா இவ்வளவு தைரியசாலி என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"ஒனக்கு லைசென்ஸ் இருக்காப்பா?" என்றார் முதலாளி, முகம் மலர்ந்து.

"இருக்கு சார்."

அது பொய் இல்லை. கார் லைசென்ஸ் இருந்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முக்கால்வாசி அவரே ஓட்டி வாங்கிக் கொடுத்தது. டிராக்டர் காரைவிட மெதுவாகப் போகும். ஆகவே வேகமான வண்டிக்கு வாங்கிய லைசென்ஸ் மெதுவான வண்டிக்குத் தானாகவே செல்லும் என்பது என் சட்ட அறிவு. மாமாவின் வயலில் இரண்டு முறை உழவும் ஓட்டியிருக்கிறேன். (மாமா பக்கத்தில் தொற்றிக்கொண்டே வந்தார். அதை முதலாளியிடம் சொல்லவில்லை.)

அக்கா வீட்டுக்காரர் சவரிமுத்து மாமா அன்றைக்குத் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வீட்டில் பிலோமி அக்கா மட்டும் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"மாமா இல்லாம வண்டிய தர மாட்டேன்" என்றாள்.

"மொதலாளி அழுவுறாருக்கா."

"அழட்டும். அந்த மிஷினு எத்தினி டன்னு?"

"நாலு டன்."

"நாலா? மூணு டன்னுக்கு மேல மாமா ஒரு மூட்ட ஏத்த மாட்டாரு. கல்லுக்காரங்க கெஞ்சினாக்கூட ஏத்த மாட்டாரு."

இந்த இடத்தில்தான் என் படிப்பு குறுக்கே வந்தது. அக்காவை டிரெய்லரின் பக்கவாட்டுக்கு அழைத்துப் போனேன். அங்கே வெள்ளைப் பெயிண்டில் ஆங்கில எழுத்துகள். யூ.எல்.டபிள்யூ. என்று போட்டு 1500 கிலோ. அதன் கீழே ஆர்.எல்.டபிள்யூ. என்று போட்டு 4500 கிலோ.

"பாத்தியா? மேல இருக்கறது யூஸ்வல் லோடு வெயிட். வழக்கமா ஏத்துறது. கீழ இருக்கறது ரியல் லோடு வெயிட். நெசமா ஏத்தக்கூடியது. நாலரை டன். மாமாவுக்கு இங்கிலீசு தெரியாம இத்தினி வருசமா ஒன்றரை டன்ன வேஸ்ட் பண்ணிகினு கீறாரு."

அந்த விளக்கத்தை அந்த நிமிடம் நானே தயாரித்தேன். தயாரித்த கையோடு நம்பியும்விட்டேன். அக்கா எழுத்துகளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சாவியை எடுத்து வந்தாள். கையில் கொடுக்கவில்லை.

"வண்டி போற எடத்துக்கு நானும் வருவேன். மாமா கேட்டா நான்தான பதில் சொல்லணும்."

பட்டறையில் செயின் பிளாக் கட்டி மெஷினைத் தூக்கி டிரெய்லரில் வைத்தோம். எங்கே வைப்பது என்று கேட்டார்கள். இழுக்கிற வண்டிக்குப் பக்கத்தில் இருந்தால் இழுக்கச் சுலபம் என்று சொல்லி, டிரெய்லரின் முன் ஓரத்தில் ஒட்டி வைக்கச் சொன்னேன். நாலு டன் போக அரை டன் இடம் மிச்சம் இருக்கிறதே, வீணாக்குவானேன் என்று இரும்பு அச்சுகளையும் அள்ளிப் போடச் சொன்னேன். கயிறு கட்டினோம். நான் ஸ்டியரிங்கில். அக்கா என் பக்கத்து மட்கார்டில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. முதலாளி எங்களுக்கு முன்பே ஸ்கூட்டரில் ஷெட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஊரைத் தாண்டும்வரை ராஜ ஊர்வலம்தான். டீக்கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். ஸ்டியரிங் மட்டும் வெண்ணெய் மாதிரி லேசாகத் திரும்பியது.

"இன்னாடா, ஸ்டியரிங்கு இப்பிடி லூசா சுத்துது?" என்றாள் அக்கா.

"கை பழகிடிச்சுக்கா."

(முன் ஓரத்துச் சரக்கு டிராக்டரின் பின்பக்கத்தை அழுத்தியதில் முன்சக்கரங்கள் தரையில் சரியாகப் படியவில்லை என்பது அதற்கு அர்த்தம். இப்போது தெரிகிறது.)

ஏரிக்கரை ஏற்றம் வந்தது. முதல் நாள் மழையில் சாலை ஈரமாக இருந்தது. பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. வழிவிட இடமில்லை. ஏற்றத்தைத் தாண்டிவிடலாம் என்று ஆக்சிலேட்டரை இழுத்தேன்.

எனக்கு முன்னால் இருந்த சாலை காணாமல் போனது.

சாலை இருந்த இடத்தில் டிராக்டரின் மூக்கு இருந்தது. அதற்கு மேலே வானம். இரண்டு முன்சக்கரங்களும் காற்றில் சும்மா சுழன்றுகொண்டிருந்தன. குதிரை முன்னங்காலைத் தூக்குமே, அப்படி எங்கள் டிராக்டர் எழுந்து நின்றது. ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பினேன், வலதுபக்கம் திருப்பினேன். எதுவும் நடக்கவில்லை.

"கிளச்ச மிதிடா! கிளச்ச மிதி!"

மிதித்தேன். மூக்கு தொப்பென்று கீழே விழுந்தது. பல் எல்லாம் ஒரு முறை ஆடியது. தப்பித்தோம் என்று நினைப்பதற்குள் வண்டி மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. பிரேக்கைத் தேடினேன். டிராக்டருக்கு இரண்டு பிரேக். ரோட்டில் போகும்போது இரண்டையும் கொண்டி போட்டு ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். சேர்க்கவில்லை. கிடைத்த ஒன்றை மிதித்தேன். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நின்றது, டிராக்டர் குறுக்கே திரும்பியது, டிரெய்லர் தன் வழியில் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. அதற்குப் பிரேக்கே கிடையாது.

திரும்பிப் பார்த்தேன். ஜீப்பும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டி ரிவர்ஸில் பறக்க, பக்கத்தில் காக்கி போட்ட ஒருவர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் என்னை நோக்கி நீட்டி, நாலரை டன்னைக் கையாலேயே தடுத்துவிடப் பார்த்தார்.

மட்கார்டைப் பார்த்தேன். அக்கா இல்லை.

இவ்வளவு நேரம் சிரிப்புக்காகச் சொன்னேன். அந்த நொடியில் சிரிப்பு எதுவும் இல்லை. சக்கரத்துக்குக் கீழேதான் போய்விட்டாள் என்று நினைத்தேன். மாமாவிடம் என்ன சொல்வேன் என்றுகூடத் தோன்றவில்லை. "அக்கா" என்ற ஒரே சொல்தான் இருந்தது.

அப்புறம் பார்த்தேன். அவள் முந்தானை பறக்க டிரெய்லருக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். கையில் பூசணிக்காய் அளவு கருங்கல். ஓடினபடியே அதைச் சக்கரத்துக்குப் பின்னால் போட்டுவிட்டு விலகிக் குதித்தாள்.

சக்கரம் கல்லில் ஏறி, தயங்கி, திரும்பியது. டிரெய்லர் சாலையை விட்டு வயல் பக்கம் சாய்ந்தது. கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. மெஷின் ரொம்ப நிதானமாக, வயசானவர் நாற்காலியில் உட்கார்கிற மாதிரி, சேற்றில் போய் உட்கார்ந்தது. அச்சுகள் பின்னாலேயே போயின. பிறகு தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.

ஜீப்பிலிருந்து காக்கிச் சட்டைக்காரர் இறங்கி வந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர். அதாவது வண்டிகளின் எடையையும் லைசென்ஸையும் பார்ப்பதற்கென்றே அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள். உலகத்தில் எத்தனையோ ஜீப் இருக்க, அந்த ஜீப்.

"இன்னாய்யா லோடு?"

"ஐம்பது டன் பிரஸ் சார்."

அவர் வயலைப் பார்த்தார். டிரெய்லரைப் பார்த்தார். ஜீப்பின் பானெட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தினி டன்?"

"ஐம்பது சார்... அது அழுத்துற சக்தி சார்! மிஷின் எடை நாலுதான். அச்சு ஒரு அரை டன். வண்டி நாலரை தாங்கும், சைடுல எழுதியிருக்கு சார்."

அவர் சாய்ந்து கிடந்த டிரெய்லரிடம் போய் எழுத்துகளைப் பார்த்தார். நான் கூடவே போய் யூஸ்வல், ரியல் விளக்கத்தை அவருக்கும் சொன்னேன். அதிர்ச்சியில் மனிதன் எதையும் செய்வான்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அத்தனை வருஷமாக அவர் செய்துவந்த வேலையின் அர்த்தமே அவருக்குச் சந்தேகமாகிவிட்ட மாதிரி ஒரு பார்வை.

"மேல இருக்கறது காலி டிரெய்லரோட எடைய்யா. கீழ இருக்கறது டிரெய்லரும் சரக்கும் சேத்து மொத்தம். நாலரையில ஒன்றரை போனா எவ்ளோ?"

"மூணு சார்."

எனக்குப் பின்னால் அக்கா மூச்சை இழுத்து விடுவது கேட்டது. மாமா சொன்ன அதே மூணு.

"லைசென்ஸ எடு."

எடுத்துக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பினார். "இது காருக்குய்யா! டிராக்டருக்கு எங்க? டிரெய்லர் மாட்டி சரக்கு ஏத்தறதுக்கு எங்க? அதுவும் வெவசாய டிரெய்லர்ல ஃபேக்டரி மிஷினு! நீ செஞ்சதுல சட்டப்படி செஞ்சது ஒண்ணாவது இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். ஹாரன் அடிக்காததைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அவர் வழக்கு எழுதினார். வண்டிப் பேப்பரையும் வாங்கி வைத்துக்கொண்டார். முடித்துவிட்டு அக்காவிடம், "கல்லு போட்டது நீயாம்மா?" என்று கேட்டார். அக்கா தலையாட்டினாள். அவர் ஜீப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவளைக் கும்பிட்டார்.

திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் ஏரிக்கரை வழியாகத்தான் வந்தார்கள். வயலுக்கு நடுவே ஒரு பிரஸ் மெஷினும் அதன் மேல் இரண்டு கொக்குகளும் உட்கார்ந்திருப்பதைக் கண்டு காரை நிறுத்தி, "இது யாருது?" என்று கேட்டார்களாம். "நம்மளுதுதான்" என்று முதலாளி சொன்னாராம். கிரேன் வந்து தூக்கி, கழுவி, ஓட்டிக் காட்ட ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். ஆர்டரும் வந்தது. என்னை வேலையை விட்டு அனுப்ப முதலாளி அதிர்ச்சியில் மறந்துவிட்டார் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

சவரிமுத்து மாமா திட்டவில்லை. கல்யாணத்திலிருந்து வந்தவர் வளைந்த இழுவைக் கம்பியைத் தடவிப் பார்த்தார். "ஒங்க அக்கா ஓடற வண்டியிலேருந்து குதிச்சாளா?" என்று கேட்டார். "ஆமா மாமா" என்றேன். நாலு மாதம் என்னிடம் பேசவில்லை.

காஞ்சிபுரம் ஆபீசில் வண்டிப் பேப்பரைத் திருப்பி வாங்க மாமா போனபோது அதே இன்ஸ்பெக்டர், "இனிமே வண்டிய யாருக்காச்சும் குடுக்கறதா இருந்தா ஒங்க சம்சாரத்துக்கிட்ட குடுங்க" என்று எரிச்சலில் சொல்லியிருக்கிறார். மாமா அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் அக்காவையும் கூடவே என்னையும் டிராக்டர் லைசென்ஸ் டெஸ்டுக்குக் கூட்டிப் போனார். அக்கா டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுத்து இரண்டு டிரம்முக்கு நடுவே கோடு போட்ட மாதிரி நிறுத்தினாள். என் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் நின்ற இடத்தை விட்டுப் போய் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ம், எடு" என்றார். இரண்டு டிரம்மும் உருண்டன. மரம் மட்டும் தப்பியது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் வண்டி ஓட்டுவது அக்காதான். போன வருஷம் என் மகளுக்குச் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் கல்யாணம். மண்டபத்துக்குக் கிளம்பும்போது அக்கா, அறுபதைத் தாண்டியும் குரல் குறையாமல், வேன் வாசலில் நின்று ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆளுங்க எல்லாம் முன்னாடி ஏறுங்க. சரக்கு பின்னாடி."

யாரும் சொல்லாமலே நான் போய் அரிசி மூட்டைக்கும் வாழைத்தாருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தேன். புதுச் சம்பந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னாங்க இது? பொண்ணோட அப்பாவ போயி பின்னாடி..."

"அவன் சரக்குதாங்க" என்றாள் அக்கா. "முப்பது வருசமா."

நான் பின்கதவை உள்ளிருந்தே இழுத்துச் சாத்திக்கொண்டேன்.