கிளி கடித்த விவகாரமும் நான் எழுதிய பரீட்சையும்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் மகளும் நலம். அங்கே நீங்களும் நலம் என்பதை பத்து நாள் முன்பு போனில் நீங்கள் திட்டிய தெம்பிலிருந்தே தெரிந்துகொண்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் போனை வைத்துவிட்டதால், மிச்சத்தை எழுத்தில் விளக்க வேண்டியிருக்கிறது.

"கிளி கடிச்ச இடம் ஆறிடுச்சா சார்? ஏணியிலேருந்து விழுந்தீங்களே, இடுப்பு எப்படி இருக்கு?" என்று உங்களைக் கேட்ட பெண் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவர் இன்சூரன்ஸ் கம்பெனியின் விசாரணைப் பிரிவில் இருப்பவர். உங்களைக் கிளி கடித்ததாக அவருக்கு எழுதி அனுப்பியவன் நான்தான்.

மருத்துவமனை ரெக்கார்டு அறையில் பத்தொன்பது வருஷம் கோப்பு அடுக்கிய நான், அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே மருத்துவ பில்லிங் தொழில் ஆரம்பித்தபோது, "பொண்ணைக் கட்டிக் குடுத்தப்ப உங்களுக்கு ஒரு வேலை இருந்துச்சே மாப்பிள்ளை" என்று எட்டே வார்த்தை சொன்னீர்கள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, எண்ணி மட்டும் வைத்திருக்கிறேன். தொழில் இதுதான்: ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கோட் நம்பர் உண்டு, டாக்டர் கிறுக்கியதைப் படித்து, சரியான நம்பர் போட்டு இன்சூரன்சுக்கு அனுப்ப வேண்டும். கேட்டில் போர்டு மாட்டிய அன்றே ஓர் அம்மா இருமுகிற குழந்தையோடு வந்து மருந்து கேட்டார். என்னிடம் இருந்தது நம்பர்தான், அதைச் சொன்னேன், முறைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் தெருமுனையில் இருக்கும் குழந்தைகள் டாக்டரம்மா சோதனையாக வேலை கொடுத்தார். பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வாங்கினால் நிரந்தர ஒப்பந்தம் என்றார். உடனே தலையணை தடிமனில் கோட் புத்தகம் வாங்கினேன். உங்கள் மகள் துணி மடித்துக்கொண்டே கேள்வி கேட்பாள், நான் பதில் சொல்லுவேன், "தப்புங்க" என்பாள். இப்படியே மூன்று மாதம் போனது.

நம்பர் போட்டுப் பழக ஒரு நோயாளி வேண்டாமா? முன்பின் தெரியாதவருக்கு நோய் கொடுக்க மனசு வரவில்லை. உங்கள் இன்சூரன்ஸ் அட்டையின் நகல் மேசை இழுப்பறையில் இருந்தது. உரிமையோடு உங்களுக்குப் பதினாலு நோய் கொடுத்தேன். ஏணியிலிருந்து விழ வைத்தேன், கிளியைக் கடிக்க விட்டேன் (நம்புங்கள், கிளி கடிக்கென்றே தனி நம்பர் இருக்கிறது), ஒரு சபலத்தில் கப்பலிலிருந்தும் தள்ளிவிட்டேன். அந்தப் பயிற்சித் தாள்களை டாக்டரம்மாவின் நிஜத் தாள்கள் இருந்த அதே ஃபோல்டரில் போட்டு வைத்ததுதான் என் புத்தி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'எல்லாவற்றையும் அனுப்பு' என்ற பட்டனை அமுக்கிவிட்டு, காரியம் முடிந்தது என்று காபி குடிக்கப் போய்விட்டேன். திங்கட்கிழமை டாக்டரம்மாவுக்கு போன். "மேடம், நீங்க குழந்தைங்க டாக்டர்தானே? எழுபத்து மூணு வயசுக் குழந்தை ஒண்ணு கப்பலேருந்து விழுந்து உங்ககிட்ட வந்திருக்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த போன்தான் உங்களுக்கு வந்தது.

டாக்டரம்மா தங்கமான மனுஷி. சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, "அதை வாபஸ் வாங்கியாச்சு, விடுங்க. ஆனா இனிமே சர்டிஃபிகேட் இல்லாத ஆளுக்கு ஒரு பேப்பர்கூட தரமாட்டேன். மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன், அப்புறம் வேற ஆள்தான்" என்றார்.

ஆகவே பரீட்சை. புத்தகத்தைக் கையோடு கொண்டுபோகலாம் என்பதால், தேட வசதியாகக் கலர் கலராகக் காகிதம் ஒட்டியிருந்தேன். உங்கள் சர்க்கரை மஞ்சள், அத்தையின் தலைச்சுற்றல் ஊதா, என் பெரியப்பாவின் மூட்டுவலி பச்சை. ஆள் முகம் நினைவுக்கு வந்தால் பக்கம் தானே வந்துவிடும். முதல் கேள்வியே பித்தப்பைக் கல். மாமா, நம் இரண்டு குடும்பத்திலும் ஒருத்தருக்காவது பித்தப்பையில் கல் வந்திருக்கிறதா? இந்தப் பக்கத்துச் சொந்தம், அந்தப் பக்கத்துச் சொந்தம் என்று எல்லோரையும் வரிசையாக நினைத்துப் பார்த்ததிலேயே இருபது நிமிஷம் போய்விட்டது. அங்கே வந்த நோயாளிகளில் பாதிப் பேர் நமக்கு உறவே இல்லை. எழுபது எடுத்தால் பாஸ். நான் எடுத்தது அறுபத்தாறு.

வருத்தமாகத்தான் இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒரு வேலை எனக்குப் பிடித்திருந்தது. மறுபடி எழுதலாம், ஆனால் மாதக் கடைசிக்குள் முடியாது, டாக்டரம்மாவை விட்டால் வேறு டாக்டரும் இல்லை. அதனால் உங்கள் சிநேகிதரின் கிடங்கில் நீங்கள் எனக்காகப் பார்த்துவைத்த வேலைக்கு ஒன்றாம் தேதி வந்து சேர்ந்துவிடுகிறேன். போர்டைக் கழற்றியாகிவிட்டது. அத்தைக்கு என் நமஸ்காரம். உங்களுக்கு நான் கொடுத்த பதினாலும் உங்களை அண்டாமல் நூறாண்டு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மாப்பிள்ளை.

பி.கு.: அப்பா, இது நான். ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார், பிரித்துப் படித்துவிட்டேன். கிடங்குக்கார மாமாவிடம் இவர் வரமாட்டார் என்று சொல்லிவிடுங்கள். மூன்று மாதமாகக் கேள்வி கேட்டதும் நான், விடை சரியா என்று புத்தகத்தில் பார்த்ததும் நான். இவர் மறந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. சரி, நாமும் எழுதித்தான் பார்ப்போமே என்று, பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் அதே பரீட்சையை எழுதினேன். எண்பத்தொன்று. சர்டிஃபிகேட் காலையில் வந்தது, மத்தியானமே டாக்டரம்மா என் பேரில் ஒப்பந்தம் போட்டுவிட்டார். ஆனால் அவர் கையெழுத்தைப் படிக்க இவரை விட்டால் ஆள் கிடையாது, இவர் இல்லாமல் என்னால் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. இவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இவ்வளவு நேரம் தயங்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் தன் மேசையைக் காலி செய்துகொண்டிருக்கிறார், மூன்றாவது இழுப்பறைக்கு வந்துவிட்டார். போய் நிறுத்துகிறேன்.