பயத்தங்காய்க்கு விசில் ஊதிய கொரண்டைன் மாமா

மனிதனை விசில் ஊதி நிறுத்தியவர்கள் இந்த மலாயாவில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். பயத்தங்காய்க் கொடியை விசில் ஊதி நிறுத்தப் பார்த்தவர் எங்கள் கொரண்டைன் மாமா ஒருவர்தான். கொடி வேலியைத் தாண்டித் தலை நீட்டினால் போதும், ஊதுவார். கொடி நிற்காது. தெருவில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள்.

அவருடைய சொந்தப் பேர் பிரிக்ஃபீல்ட்ஸில் யாருக்கும் தெரியாது. கப்பலில் வந்திறங்கும் நம் ஜனங்களை நோய்நொடி இருக்கிறதா என்று அடைத்து வைத்துப் பார்ப்பார்களே, அந்தக் கொரண்டைன் முகாமில் காவல்காரராக இருந்தவர். வேலை முடிந்ததும் சம்சாரத்தோடும் ஒரே மகளோடும் ரயில்பாதை ஓரம் ஒரு பலகை வீட்டுக்குக் குடிவந்தார். விசிலையும் பினாயிலையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

வீட்டைச் சுற்றிக் கயிறு. வாசலில் பினாயில் தண்ணீர்த் தொட்டி. தபால்காரன் ஆனாலும் காலை முக்கித்தான் உள்ளே வரவேண்டும். கூரை ஒட்டுப்போட வந்த சீனத் தச்சர் ஒருவர் வழுக்கித் தொட்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். “நல்லதாப் போச்சு, முழுசாச் சுத்தம்” என்று மாமா அவரை மரியாதையோடு உள்ளே அழைத்துப் போனார்.

“கோயிலுக்குப் போயிட்டு வரவளையும் காலை முக்கச் சொல்றீங்களே, அடுக்குமா?” என்பார் மாமாவின் சம்சாரம், எங்களுக்கு அத்தை.

“கோயில்லதான் கூட்டம் ஜாஸ்தி. முக்கு.”

ஒரு இடத்தில் நிற்கத் தெரியாத மனுஷர். சோற்றையே நடந்துகொண்டுதான் தின்பார். குழம்புக்கு அடுப்படி, ரசத்துக்கு வாசல், மோருக்குப் பயத்தங்காய்ப் பந்தல். அத்தை கரண்டியோடு பின்னாலேயே ஓடுவார்.

நான் ஒற்றை வேட்டியோடு கப்பலேறி வந்தவன். இன்றைக்கு மூன்று லோரி என் பேரில் ஓடுகிறதென்றால் எவனும் தூக்கிவிட்டு அல்ல. சாலாக் செலாத்தானில் ஈயலம்பக்காரர்கள் ஈயத்துக்காகத் தோண்டிப்போட்டுவிட்டுப் போன மணல்காட்டை நானே கொத்தினேன், நானே எரு சுமந்தேன். பாசார்ச் சந்தையில் என் பயத்தங்காய்க் கட்டைப் பார்த்தால் மற்றவர்கள் தங்கள் கட்டுக்குச் சாக்குப் போட்டு மூடுவார்கள். விதை மட்டும் மாமா கொடுத்தது. அவர் பந்தலில் காயை முற்றவிட்டு எடுத்த காராமணி, ஒரு சிகரெட் டின் நிறைய. அதை வாங்கப் போன இடத்தில் அவர் மகள் செல்லம்மாவைப் பார்த்தேன். அதற்கப்புறம் எனக்கு அடிக்கடி விதை தேவைப்பட்டது.

விஷயம் முற்றி, பரிசம் போட நாளும் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து என் தோட்டத்தில் தேமல் நோய் இறங்கியது. இலையெல்லாம் பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாக. ஓரம் சுருண்டு, கொடி குள்ளமாக நின்று, காய் எலிவால் மாதிரி முறுக்கிக்கொண்டது. இப்போது படித்த பிள்ளைகள் அதற்கு வைரஸ் என்று பேர் சொல்கிறார்கள். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சாம்பலும் புகையிலைத் தண்ணீரும்தான். தூவினேன், தெளித்தேன். செடி என்னைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சுருண்டது.

வரப்போகும் மாப்பிள்ளையின் தோட்டத்தைப் பார்க்க மாமா வந்தார். வரப்பில் கால் வைத்தவர் விசிலை எடுத்து ஒரே ஊது. மேய்ந்துகொண்டிருந்த கொக்கெல்லாம் பறந்தது.

“யாரும் அசையாதீங்க!”

“நான் ஒருத்தன்தானே மாமா இருக்கேன்.”

“நீயும் அசையாதே. கையைக் காட்டு. இந்தக் கையாலதானே செடியைத் தொட்டே?”

“பின்ன காலாலயா தொடுவாங்க?”

“பரிசம் நின்னுபோச்சு தம்பி. நோய்த் தோட்டத்துக் கை என் வீட்டுத் தாம்பூலத் தட்டைத் தொடக்கூடாது. எல்லாத்தையும் புடுங்கிக் கொளுத்திட்டு வா.”

எல்லாவற்றையுமா? அந்த விளைச்சலை நம்பித்தானே நான் குடும்பஸ்தனாகப் போகிறேன்! எனக்கும் சுருக்கென்றது.

“இது எங்கேயிருந்து வந்துச்சு? உங்க விதை மாமா! நீங்க குடுத்த டின்னு!”

“என் விதையா? என் கயித்தத் தாண்டி ஒரு எறும்பு வந்ததில்லடா!”

உண்மையில் அவர் பந்தலிலேயே இரண்டு கொடி வெளிறித்தான் கிடந்தது. கேட்டால் “அது வெயிலு” என்பார்.

பந்தயம் அங்கேயே வரப்பில் முடிவானது. அவர் விதையைத் தனியாகப் போட்டுப் பார்ப்பது. இலை சுத்தமாக வந்தால் என் தோட்டத்தை நான் பிடுங்க வேண்டும். தேமலோடு வந்தால் அவர் பந்தலை அவரே பிடுங்குவார்.

மாமா வேலையில் இறங்கினார். மண்ணை அத்தையின் சோற்றுப் பானையில் போட்டு அவித்தார்.

“நாளைக்கு அதுல சோறு பொங்கணும்யா!”

“மண்ணே சுத்தமாயிடுச்சு, பானைக்கு என்ன கேடு?”

அவித்த மண்ணை மண்ணெண்ணெய் டின்னில் கொட்டி, விதையை ஊன்றி, பூச்சி அண்டாமல் தன்னுடைய கொசுவலையை அதன்மேல் கட்டினார். பயத்தங்காய் வலைக்குள் படுத்தது. மாமா கொசுக்கடியில் படுத்தார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தேறிய காயை விற்ற கையோடு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு சைக்கிளை மிதிப்பேன். கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். செல்லம்மா தண்ணீர்ச் செம்பைக் கயிற்றோரம் வைத்துவிட்டுப் பின்னால் போக வேண்டும். அப்புறம் நான் எடுக்கலாம். இரண்டு பேரும் சிரித்தால் விசில்.

ஒருநாள் செம்பை வைத்துக்கொண்டே அவள் கேட்டாள்: “இலை நல்லா வந்தா உங்க தோட்டம் போகுது. கெட்டு வந்தா அப்பாவோட பந்தல் போகுது. நான் எதுக்குங்க வேண்டிக்கறது?”

செம்பைக் காலி பண்ணிவிட்டு சைக்கிளை எடுத்தேன். முதலில் வந்த ஜோடி இலை பளிங்கு மாதிரி இருந்தது. மாமா தெருவெல்லாம் நடந்து சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்து மூவிலை விரிந்தது. மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். கழற்றிப் பார்த்தார். நரம்புக்கு நரம்பு மஞ்சள் திட்டு. சுடுவெயில் படாத, பூச்சியே தொடாத இலையில். நோய் விதைக்குள்ளேயே உட்கார்ந்திருந்து, அவர் கையாலேயே என் தோட்டத்துக்கு வந்திருக்கிறது.

மாமா மெதுவாக ஒரு தடவை விசில் ஊதினார். அப்புறம் பந்தலுக்குப் போய் ஒரு கொடி விடாமல் பிடுங்கினார். விதை டின்னையும் நெருப்பில் கவிழ்த்தார்.

ஜெயித்தவன் நான். என் தோட்டத்தைத் தொட வேண்டியதில்லை. ஆனால் பக்கத்துத் தோட்டத்துச் சீனக் கிழவரின் கொடி அப்போதுதான் பூவெடுத்திருந்தது; விட்டால் நோய் அதற்கும் தாவும். அன்றைக்கே போய் என்னுடையதையும் பிடுங்கிக் கொளுத்தினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. பிறகு கிள்ளானில் வேறு விதை தேடி வாங்கி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். நட்டமா என்றால் நட்டம்தான். நான் நட்டத்துக்குப் பயந்தவன் இல்லை.

மறுபடி நாள் குறித்த பரிசத்தன்று போனால், ஜனமெல்லாம் வீட்டுக்குள். மாமா மட்டும் துவைத்த காக்கிச் சட்டையோடு கயிற்றுக்கு வெளியே ரோட்டில் நடந்துகொண்டிருக்கிறார்.

“ஏன் மாமா இங்க?”

“நோய் என் கையிலயிருந்துதானே போயிருக்கு. நான் தட்டைத் தொடக்கூடாது. நீ உள்ளே போ.”

“பொண்ணோட அப்பா இல்லாம யார் குடுக்கறது?”

“யாராச்சும் குடுங்கப்பா. சட்டம்னா சட்டம்.” சொல்லிவிட்டு நடையை நிறுத்தி வாசலையே பார்த்தார். ஒரே மகள் அல்லவா?

எனக்கு அந்தக் காலத்தில் மூளை மின்னல் மாதிரி ஓடும். “மாமா, முகாம்ல ஒரே நோய் கண்ட ரெண்டு பேரை எங்க வைப்பீங்க?”

“ஒரே கொட்டகையில.”

“என் கையும் அதே செடியைத் தொட்ட கைதானே? அப்ப நானும் உங்க கொட்டகை. தட்டு இங்க வரட்டும்.”

மாமா சட்டத்தில் ஓட்டை தேடினார். கிடைக்கவில்லை.

பட்டுச்சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு செல்லம்மா கயிற்றுக்கடியில் குனிந்து வந்தாள். “இத்தன நாளா நானும் அந்த வீட்லதானப்பா இருக்கேன்.”

“அந்த மண்ணு அவிச்ச பானையில சோறாக்கித் தின்னவ நான்லா!” என்று அத்தை தட்டோடு வந்தார். அந்தச் சோற்றைத் தின்றவர்கள் ஒவ்வொருவராக வர, கடைசியில் பரிசமே ரோட்டில் நடந்தது. சுத்தமான வீட்டுக்குள் ஒரு ஆள் இல்லை.

என் பக்கம் பெரியவர் என்று யாரும் கிடையாது, எனக்கு நானேதான். மாமா தட்டை நீட்டினார். ஆயிரம் கப்பலைப் பார்த்த அந்தக் கையில் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. வெற்றிலை சரிந்தது. தட்டோடு அந்தக் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். தட்டை அத்தை வாங்கிக்கொண்டு போன பிறகும் விடவில்லை.