பேனாவைத் தொடாத கைகட்டி

கண்டி டவுனில் இரண்டு கையும் நன்றாக இருந்தும், அவற்றுக்கு வேலையே கொடுக்காமல் பெயர் வாங்கிய ஒரே ஆள் கைகட்டிதான். அவருடைய சொந்தப் பெயரைக் கல்லூரியின் பெயர் இடாப்பில் தேடினால் கிடைக்கும். கென்டீன்காரர், காவலாளி, மாணவர்கள் எல்லோருக்கும் அவர் கைகட்டி. எனக்கும் அப்படித்தான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மஹய்யாவையில் பிறந்து, நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன். கட்டுகஸ்தோட்டையில் குஷன் கடை வைத்திருக்கிறேன். பாலத்தில் நெரிசலில் மாட்டி நிற்கும் பஸ்களைப் பாருங்கள், பாதி பஸ்ஸில் சனம் உட்கார்ந்திருப்பது நான் தைத்த சீட்டில். யார் வாசலிலும் போய் நின்றவன் இல்லை. நான் சொல்வேன், மற்றவர்கள் செய்வார்கள். அதுதான் என் பழக்கம்.

அப்படிப்பட்ட நான் அறுபது வயதுக்கு மேல் கல்லூரிக்குப் போகக் காரணம், கலஹா ரோட்டில் பஸ் ஓட்டும் ஒரு முதலாளி. தன்னுடைய எல்லா பஸ்ஸுக்கும் புது சீட் போடப்போவதாகச் சொன்னார். சான்றிதழ் உள்ள கடைக்குத்தான் வேலை என்றும் சொன்னார். பேராதனையில் எனக்குப் போட்டியாக இருந்த கடைக்காரரிடம் அந்தச் சான்றிதழ் இருந்தது. என்னிடம் வேலை மட்டும்தான் இருந்தது. அந்த ஓடர் கைவிட்டுப் போனால், என்னிடம் தைக்கிறவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். ஆகவே, அந்தச் சான்றிதழ் தரும் கல்லூரியில், சுயதொழில் செய்பவர்களுக்கான வார இறுதி வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பெல்லாம் சுகமாகத்தான் போனது. முடிவில்தான் மாட்டினேன். நம் தொழிலைப் பற்றி ஓர் அறிக்கை, நம் வார்த்தையில், நம் கையாலேயே எழுதித் தர வேண்டுமாம். டைப் அடித்தால் செல்லாது. நானும் எழுதிக் கொடுத்தேன். ‘நான் குஷன் கடை நடத்துகிறேன். என் வேலையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்.’

வகுப்பு எடுத்த மிஸ் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“இவ்வளவுதானா ஐயா?”

“இதுக்கு மேல என்ன மிஸ் வேணும்? கட்டுகஸ்தோட்டையில விசாரிச்சுப் பாருங்க, சொல்லுவாங்க.”

மிஸ் விசாரிக்கவில்லை. நூலகத்துக்குப் பின்னால் இருந்த ஓர் அறைக்கு என்னை அனுப்பினார். எழுத்தில் கெட்டிக்கார மாணவர்கள் அங்கே உட்கார்ந்து, திண்டாடுகிற மற்ற மாணவர்களுக்கு உதவுவார்கள். அதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. உதவுகிறவர் அடுத்தவர் தாளில் எழுதக் கூடாது. மற்றவர்களுக்கு அது சட்டம். கைகட்டிக்கு அது விரதம். அறைக்குள் நுழைந்ததும் இரண்டு கையையும் மடித்து அக்குளுக்குள் செருகிக்கொள்வார். கையை வெளியே விட்டால் தன்னையறியாமல் பேனாவை எடுத்துவிடுமாம்.

அவர் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, ஊதினால் பறந்துவிடும் உடம்பு. நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“நான் சொல்றேன் தம்பி, நீங்க எழுதுங்க.”

“எழுத மாட்டேங்க.”

“கையில ஏதும் அடி கிடி பட்டிருச்சா?”

“இல்லீங்க, நல்லாத்தான் இருக்கு. எழுதுறது நீங்க, கேக்கிறது நானு.”

“கேக்கிறதுக்கு எனக்கு எங்க வீட்டுக்காரம்மா இருக்காங்க தம்பி.”

“அவங்க எழுத வச்சாங்களா?”

நான் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அன்றைக்கு எழும்பிவிட்டேன்.

அவருடைய விரதம் எவ்வளவு கடுமையானது என்பதை அடுத்த வாரமே பார்த்தேன். மழைக் காற்று அடித்து, நான் இரண்டு வரி எழுதியிருந்த அந்தப் பழைய தாள் வாசல் பக்கம் பறந்தது. நான் எழும்புவதற்குள் கைகட்டி கதிரைகளைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். தாளைக் கையால் எடுக்க விரதம் விடவில்லை. எழுதிய தாளைக் காலால் மிதிக்க மனம் விடவில்லை. என்ன செய்வார் மனுசன்? கட்டிய கை கட்டியபடியே தாளின் மேல் குப்புறப் படுத்துவிட்டார்.

“ஐயா, வாங்க. ஓடாமப் புடிச்சு வச்சிருக்கேன்” என்றார் தரையிலிருந்து.

வாசலில் நின்ற காவலாளி வைத்தியரைக் கூப்பிடவா என்று கேட்டார்.

நான் லேசில் விடுகிறவன் இல்லை. அவரை எழுத வைத்துவிடலாம் என்று நகரத்தில் இறங்கி, மீன் வைத்துச் சுட்ட பணிஸ் வாங்கிக்கொண்டு போனேன். அதற்கு மட்டும் இரண்டு கையும் வெளியே வந்தன. என்னுடைய பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார், நன்றி சொன்னார், கையைத் துடைத்தார், மறுபடி கட்டிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் எழுத ஆரம்பித்தேன். ‘மாபெரும் தொழிலதிபரான நான், எண்ணற்ற இன்னல்களைத் தாண்டி’ என்று தொடங்கி உரக்க வாசித்தேன். கைகட்டியின் வலது கால் ஆடத் தொடங்கியது. கையைப் பூட்டி வைத்திருந்ததால் அவருக்கு வந்த உணர்ச்சி எல்லாம் காலுக்கு இறங்கிவிடும். கேட்பது பிடிக்காவிட்டால் கால் ஆடும். ரொம்பப் பிடிக்காவிட்டால் மேசையும் சேர்ந்து ஆடும். அன்றைக்கு மேசை மேல் இருந்த தேநீர் சிந்திவிட்டது.

“இதுல குஷன் எங்கங்க இருக்கு?”

“வரும் தம்பி. முதல்ல நான் வரணும்ல?”

“நீங்க வந்து ரெண்டு பக்கம் ஆச்சுங்க.”

பிறகு அவர் பச்சைப் பிள்ளை மாதிரி கேள்வி கேட்டார். பழைய சீட்டைப் பிரித்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? அது ஏன் அந்தப் பக்கம் மட்டும் நைந்திருக்கிறது? நான் சொல்வேன். “இப்ப எங்கிட்ட சொன்னத அப்படியே எழுதுங்க” என்பார். கலஹா ரோட்டு வளைவுகளில் ஆட்கள் ஒரு பக்கமாகவே சரிகிறார்கள், அதனால் அந்தப் பக்கத்து ஓரத்தைக் கொஞ்சம் உயர்த்தித் தைப்பேன் என்று எழுதி வாசித்தபோது, கால் நின்றது. எனக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அந்தக் காலை நிறுத்துவதற்காகத்தான்.

அறிக்கை கொடுக்க வேண்டிய கடைசி நாளைக்கு முதல் நாள் கடையில் அவசர வேலை. தடித்த ரெக்சினில் குத்திய வளைந்த ஊசி வழுக்கி, என் வலது பெருவிரலுக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் கட்டுப் போட்ட விரலோடு போய் நின்றேன். அறிக்கையின் கடைசிப் பக்கம் இன்னும் பாக்கி.

“தம்பி, இன்னைக்கு மட்டும். யாருக்கும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. இந்த ஓடர நம்பி எங்க கடைப் பொடியன்மார் இருக்காங்க.”

கைகட்டி என் விரலைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். காலும் மேசையும் ஆடின.

“எனக்கும் ஆசையாத்தாங்க இருக்கு. ஆனா நான் எழுதுனா, மத்தப் பக்கத்தையும் நான்தான் எழுதுனேன்னு சொல்லிருவாங்க. அவ்வளவும் நீங்க எழுதினதுங்க.”

“அப்ப என்ன செய்றது?”

“இடது கை இருக்குல்ல?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருந்தாலும் இடது கையில் பேனாவைப் பிடித்தேன். ஒவ்வோர் எழுத்தும் பப்பாளிப் பழம் மாதிரி வந்தது. ஒரு பக்கத்தில் முடிய வேண்டியது நாலு பக்கம் போனது. பின்னேரம் ஆனது, மற்ற மாணவர்கள் போனார்கள், காவலாளி சாவியோடு வந்து வாசலில் நின்றார். கைகட்டி எழும்பவில்லை. கலஹா பஸ் போய்விடுமே என்றேன். “அடுத்த பஸ்ல போறேங்க, நீங்க எழுதுங்க” என்றார். கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கால் அசையவே இல்லை.

மிஸ் அந்தக் கடைசிப் பக்கங்களைத் தூரத்தில் பிடித்துத்தான் வாசித்தார். சான்றிதழ் கிடைத்தது. ஓடரும் எனக்கே வந்தது. என் வேலைக்கு வராமல் எங்கே போகும்?

இடது கையால் எழுதி முடித்த அன்று மாலை அவரைப் பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். அந்த முதலாளியின் பஸ்தான், காலியாகவே நின்றது. அவர் நேராகப் போய், பின் கதவுக்கு முன்னால் இருக்கும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். எப்போதும் அங்கேதான் உட்காருவாராம். கம்பி குத்திக் கிழிந்திருந்த சீட். அதில் உட்கார்ந்தபடி, கட்டியிருந்த கையைப் பிரித்து எனக்கு ஆட்டிக் காட்டினார்.

இப்போது கலஹா ரோட்டில் ஓடும் அந்த பஸ்களில் எல்லா சீட்டும் நான் போட்டவை. எல்லாம் ஒரே அளவு, ஒரே பஞ்சு. பின் கதவுக்கு முன்னால் இருக்கும் அந்த ஜன்னலோரத்தில் மட்டும், எந்த பஸ்ஸில் அவர் ஏறுவாரோ தெரியாது என்பதால், எல்லா பஸ்ஸிலும் நல்ல பஞ்சாகப் பார்த்து இரண்டு மடிப்பு வைத்துத் தைத்திருக்கிறேன்.