‘எமர்ஜிங் லேர்னர்’ சம்பந்தமாக அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அத்தானும் மருமகனும் சௌக்கியம் என்பதை நேற்று உன் வீட்டுக் கூடத்தில் நின்று நானே பார்த்தேன். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. சில சங்கதிகள் நேரில் வாயில் வருவதில்லை.

எங்கள் பள்ளியில் இந்த வருஷம் மதிப்பெண் அட்டையில் யாரையும் ‘வீக்’, ‘டல்’ என்று எழுதக் கூடாது என்று தலைமையாசிரியை உத்தரவு போட்டுவிட்டார். பிள்ளைகள் மனசு நோகக் கூடாதாம். நியாயம்தான், நானும் அந்தப் பட்டம் வாங்கி அழுதவன்தானே. ஆகவே, கணக்கில் தடுமாறுகிற பிள்ளை இனி ‘எமர்ஜிங் லேர்னர்’. அதாவது, இப்போதுதான் தலை தெரிகிறது, மீதி மெல்ல வரும். நான் சும்மா இருக்காமல் ‘கிரேட் பொட்டென்ஷியல்’, உள்ளே பெரிய திறமை இருக்கிறது, என்று கூடவே ஒன்றைச் சேர்த்துத் தச்சர் மகளுக்கு எழுதிக் கொடுத்தேன். பாவம், அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டாலே அவளுக்குக் கண் கலங்கிவிடும். மறுநாள் தச்சர் புது நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார், பின்னாலேயே மகள். “உங்களுக்குத்தான் சார்! இங்கிலீஷ்ல என்னமா எழுதியிருக்கீங்க! இனிமே இவளுக்கு எதுக்கு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்? நிறுத்திட்டேன். கணக்குப் போட்டிக்கே பேர் குடுத்தாச்சு!” மேடையில் அந்தப் பெண் நிற்கப்போகும் கோலம் கண் முன்னால் வந்தது. அவளோ மெதுவாக, “எனக்குக் கணக்கு வரலைன்னு நீங்களே சொல்லுங்க சார். நான் சொன்னா, ‘சாரே எழுதியிருக்காரு, உனக்கென்ன தெரியும்’ங்கிறாரு” என்றாள்.

அக்கா, என் இங்கிலீஷ் எல்லாம் எங்கே ஓடிப்போச்சோ தெரியலை. “கணக்கு வரலைங்க. ஆனா வரவழைச்சுடலாம், சனிக்கிழமை அனுப்புங்க”ன்னு போட்டு உடைச்சுட்டேன். மனுஷன் கொண்டுவந்த நாற்காலியில தானே உட்கார்ந்துட்டார். திட்டப்போறார்னு நான் பார்த்துக்கிட்டு நிக்கிறேன், அவர் மகளைப் பார்த்து, “இதை முதல்லயே சொல்லக் கூடாதா?”ங்கிறார். “பத்து தடவை சொன்னேன்பா!”ன்னு அவ கத்த, மூணு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அந்தப் பொண்ணு சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன். போட்டியிலேருந்து பேரை எடுத்தாச்சு. நாற்காலியை மட்டும் எவ்வளவு சொல்லியும் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டார்.

அத்தானுக்கு என் வணக்கம். மருமகன் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி

பி.கு.: கூடத்தில் மருமகனின் மதிப்பெண் அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாயே, அதில் கணக்குக்கு எதிரே நான் எழுதியிருப்பதை ஒருதரம் படித்துப் பார். திட்டுவதையெல்லாம் சனிக்கிழமை அவனைக் கொண்டுவந்து விடும்போது உட்கார்ந்தே திட்டலாம். நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.