வஞ்சிக்கொடியின் வருகைப் பதிவு

ஏழாற்று நாட்டில் ஆறுகள் ஏழு, அரண்மனைகள் பதினொன்று, கல்லூரி ஒன்று. அந்த ஒரு கல்லூரியும் குன்றின் சரிவில் இருந்தது. வகுப்பறைகள் கீழே, ஆசிரியர் மன்றம் மேலே. நடுவில் நாற்பத்தொரு கருங்கல் படிகள். எந்த வகுப்பு நடக்க வேண்டும், எது நிற்க வேண்டும், யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதையெல்லாம் மேலே கூடி முடிவு செய்வார்கள். முடிவுகள் வெள்ளிக்கிழமைதோறும் ‘பணியாளர் மடல்’ என்ற இரண்டு பக்கத் தாளில் அச்சாகிக் கீழே வந்து சேரும்.

கணக்கு ஆசிரியை வஞ்சிக்கொடி பதினோரு ஆண்டுகளாக அந்த மடலைப் படித்துத்தான் தன் கல்லூரியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டாள். நான்கு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இரண்டு கால்களையும் சூம்ப வைத்துவிட்டது. சமதரையில் இரண்டு ஊன்றுகோல்களோடு யாருக்கும் சளைக்காமல் நடப்பாள். படி மட்டும் ஆகாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை ஏறிப் பார்த்தாள். ஏழாவது படியில் கோல் வழுக்கி, முன்பல் ஒன்று போயிற்று. அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

அதைப் பெரிய குறையாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு மத்தியான வகுப்பு இருந்தது. உப்பளத்தில் விடியலிலிருந்து வேலை பார்த்துவிட்டு, காலில் உப்பு வெடிப்போடு வரும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அவளே முதல்வரிடம் மன்றாடித் தொடங்கிய வகுப்பு. ஆறு ஆண்டுகளில் முப்பத்தெட்டு பேர் அதில் படித்துத் தேறிக் கல்லூரியில் சேர்ந்திருந்தார்கள்.

ஒருநாள், மேலும் கீழும் பெருக்குகிற காத்தாயி துடைப்பத்தோடு வந்து வாசலில் நின்றாள்.

“டீச்சர், மேல பேசிக்கிறாங்க. உங்க மத்தியான கிளாஸை மூடப் போறாங்களாம்.”

“எதுக்கு?”

“ராசா குடுத்த கேடயமெல்லாம் வைக்க இடம் பத்தலையாம். இந்த ரூம்புதான் தோதா இருக்காம்.”

வஞ்சிக்கொடி அன்றே முதல்வர் பெருந்தேவனாருக்கு மனு எழுதினாள். ஒரே ஒரு வரி. ‘அடுத்த மன்றக் கூட்டத்தைக் கீழே உள்ள பெரிய அறையில் நடத்தினால் நானும் வந்து பேச முடியும்.’

அந்த மனு போன நேரம் அப்படி. அதே வாரத்தில்தான் அரசர் அரண்மனை மாடத்தில் நின்று, “இன்று முதல் என் நாட்டில் வெளியே நிற்பவர் எவரும் இல்லை” என்று அறிவித்திருந்தார். பாதுகாப்புக் கருதி அரண்மனைக் கதவுகள் அப்போது பூட்டப்பட்டிருந்தன. மக்கள் சாலையில் நின்று கேட்டார்கள். மறுநாளே அரவணைப்புத் துறை என்று ஒரு புதிய துறை பிறந்தது. அதன் அதிகாரி நயம்பாடியார், மூன்று எழுத்தர்களோடும் ஒரு முரசுக்காரனோடும் கல்லூரிக்கு வந்து இறங்கினார். அரவணைப்பதற்கு ஆள் வேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர் கையில் முதல்வர் அந்த மனுவைக் கொடுத்தார்.

“அம்மையே, உங்கள் மனுவைப் படித்தேன். கண் கலங்கிவிட்டது” என்றார் நயம்பாடியார்.

“கலங்க வேண்டாங்க. கூட்டத்தைக் கீழ வச்சாப் போதும்.”

“எவ்வளவு எளிய உள்ளம்! ஆனால் அரசு அப்படி எளிமையாகச் சிந்திக்க இயலாது. நாற்பத்திரண்டு பேரைக் கீழே இறக்குவதா அரவணைப்பு? ஒருவரை மேலே உயர்த்துவதல்லவா அரவணைப்பு?”

“எப்படிங்க உயர்த்துவீங்க?”

“அதைத்தான் துறை ஆராய்ந்துகொண்டிருக்கிறது.”

ஆராய்ச்சி ஒன்பது நாளில் முடிந்தது. மன்றத்தில் முன்வரிசையில் வஞ்சிக்கொடிக்கென்று தேக்கில் ஒரு நாற்காலி போட்டார்கள். முதுகுப் பக்கம் அவள் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. நாற்காலிக்கு மாலை போட்டு விழா எடுத்தார்கள். அவள் கீழே தன் அறையில் உட்கார்ந்து முரசுச் சத்தத்தைக் கேட்டாள். வெள்ளிக்கிழமை மடலில் ‘அரவணைப்பில் நம் கல்லூரி முதலிடம்’ என்று பெரிய எழுத்தில் வந்தது. அதற்கடியில் சிறிய எழுத்தில் ஆணை: ‘இருக்கை எங்கு உளதோ, அங்கு அதற்குரியவரும் உளர் எனக் கொள்ளப்படும்.’

அவள் அந்தச் சிறிய எழுத்தை மூன்று முறை படித்தாள். பதினோரு ஆண்டுகளாக அவள் கூட்டத்துக்கு வராதவள். வராதவளின் சம்மதத்தை யாரும் எழுதிக்கொள்ள முடியாது. இனி அவள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தவள். வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள்.

மறுபடியும் மனு எழுதினாள். படி ஏறுவதன் வலி மற்றவர்களுக்கும் தெரிந்தால்தான் மாற்றம் வரும் என்று ஒரு வரி தவறிப்போய் அதில் சேர்ந்துவிட்டது. துறை அந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டது. மாதத்தின் முதல் திங்கள் ‘உணர்தல் நாள்’ ஆயிற்று. அன்று ஆசிரியர்கள் எல்லோரும் ஊன்றுகோல் பிடித்துப் படியேற வேண்டும். தச்சனுக்கு மாதிரி வேண்டியிருந்ததால் வஞ்சிக்கொடியின் கோல்களை வாங்கிப் போனார்கள். நாற்பத்திரண்டு ஜோடி செய்து முடிக்கப் பதினாறு நாள் பிடித்தது. அந்தப் பதினாறு நாளும் அவள் ஒரு கையால் சுவரையும் மறுகையால் காத்தாயியின் தோளையும் பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

“இதுக்கு நீங்க மனு போடாமலே இருந்திருக்கலாம் டீச்சர்” என்றாள் காத்தாயி.

“இன்னும் ஒண்ணு போட்டா என் காலையும் மாதிரிக்குக் கேப்பாங்கபோல.”

உணர்தல் நாளில் நயம்பாடியார் எல்லோரையும் முந்தி மேலே போய்ச் சேர்ந்தார். வெற்றி பெற்றவருக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

அடுத்து தேர்தல் வந்தது. வெளியே நின்று பழகியவர்களின் குரலாக ஒவ்வொரு நிறுவனமும் ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசாணை. வஞ்சிக்கொடிக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. நல்ல காகிதமாகப் பார்த்து வேட்புமனு எழுதினாள். அதை வேட்பாளரே மன்றத்துக்கு நேரில் கொண்டுவந்து தர வேண்டும் என்பது விதி. காத்தாயி கொண்டுபோனதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இலக்கணப் பேராசிரியர் செங்கீரனார் ஒருவர்தான் நேரில் கொடுத்தார். போட்டியின்றி வென்றார். வென்ற கையோடு கீழே இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இனி நான்தாம்மா உங்க குரல்.”

“அப்ப அந்த மத்தியான வகுப்பைப் பத்திப் பேசுங்க சார்.”

“பேசுவேன். தக்க தருணம் வரும்போது கட்டாயம் பேசுவேன்.”

தருணம் வருவதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மடலின் இரண்டாம் பக்கத்தில் மூன்றே வரி. உப்பள வகுப்பு வரும் புதன்கிழமையோடு நிறுத்தப்படுகிறது. முடிவு ஏகமனதானது. வஞ்சிக்கொடி அம்மையாரின் இருக்கை மறுப்பேதும் சொல்லவில்லை.

அவள் மடலை மடித்து மேசைமேல் வைத்தாள். எதிரே கடற்கரையாண்டி உட்கார்ந்து பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது ஆள். சென்ற ஆண்டுதான் தன் பெயரை எழுதக் கற்றிருந்தான். கோபத்தைவிட வெட்கமாக இருந்தது. தன் பெயரில் இதைச் செய்துவிட்டார்களே என்ற வெட்கம்.

“ஆண்டி, புதன்கிழமை காலைல மேல கூட்டம் இருக்கு. நான் ஏறப் போறேன்” என்றாள்.

புதன்கிழமை காலை உப்பளத்தில் ஆள் இல்லை. மத்தியான வகுப்பின் அறுபத்து மூன்று பேரும் படியடியில் வந்து நின்றார்கள்.

“டீச்சர், நான் தூக்கிட்டுப் போயிடுறேன். ரெண்டு நிமிசம்” என்றான் கடற்கரையாண்டி.

“வேண்டாம்ப்பா. நீ தூக்குனா நாளைக்கு அதையே ஆணையாப் போட்டு, தூக்குறதுக்கு ஒரு துறை வச்சிருவாங்க.”

முதல் படியில் படிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி உடம்பை ஒரு படி மேலே தூக்கி வைத்தாள். பிறகு அடுத்த படி. காத்தாயி கோல்களைச் சுமந்துகொண்டு பக்கத்தில் ஏறினாள். ஏழாவது படியைத் தாண்டியபோது கீழே யாரோ ‘ஏழு’ என்றார்கள். எட்டாவதை எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். இருபதில் உள்ளங்கை உரிந்தது. முப்பத்தைந்தில் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். நாற்பத்தொன்றில் கோல்களை வாங்கி ஊன்றி எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு மன்றத்து வாசலுக்குப் போனாள்.

வாசலில் வருகைப் பதிவேட்டோடு துறை எழுத்தர் உட்கார்ந்திருந்தார். பெயரைக் கேட்டார். பக்கத்தைப் புரட்டினார்.

“வஞ்சிக்கொடி அம்மையார் முன்னமே வந்துவிட்டாரே.”

திறந்த கதவு வழியாக அவளுடைய நாற்காலி தெரிந்தது. விழாவன்று போட்ட மாலை அதில் காய்ந்து கிடந்தது.

“அப்ப நான் யாருங்க?”

எழுத்தர் உண்மையிலேயே யோசித்தார். கெட்ட மனிதர் அல்ல. “ஒருவர் இரண்டு முறை உள்ளே இருக்க விதியில்லை. வெளியே நிற்பவர் என்று எழுதலாமென்றால், அப்படி யாரும் நாட்டில் இல்லை. எந்தப் பத்தியில் உங்களை எழுதுவது? எனக்கே குழப்பமாக இருக்கிறது, அம்மா.” சொல்லிவிட்டு, மிகவும் வருந்தியபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அழுகை வரும் என்று வஞ்சிக்கொடி எதிர்பார்த்தாள். வரவில்லை. உள்ளங்கை எரிந்தது. கீழே பார்த்தாள். அறுபத்து மூன்று முகங்களும் அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

“ஏன் அங்கயே நிக்கிறீங்க? ஏறி வந்து உக்காருங்க. பின்னக் கணக்கைப் பாதியில விட்டிருந்தோம்.”

அவர்கள் ஏறி வந்து படிக்கு ஒருவர் இருவராக நெருக்கி உட்கார்ந்தார்கள். அவள் இடுப்பிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். மன்றத்து இரட்டைக் கதவு கருங்காலி மரம். எழுத்து நன்றாகப் பதிந்தது.

நண்பகலில் கூட்டம் முடிந்து கதவு திறந்தது. கணக்கு இரண்டாகப் பிளந்து உள்ளே போயிற்று.

“கொஞ்சம் சாத்துங்க சார். பின்னத்தோட பகுதியை எழுதிக்கிட்டிருக்காங்க” என்றாள் வஞ்சிக்கொடி.

முதல்வர் பெருந்தேவனார் தாமாகவே சாத்திவிட்டார். பிறகுதான் தம் பதவி நினைவுக்கு வந்து மறுபடி திறந்தார். “என்ன இது? இவர்களை எழுந்து வழிவிடச் சொல்லுங்கள்!”

“யாரைச் சொல்றீங்க சார்?”

“இதோ, வெளியே உட்கார்ந்திருக்கும் இவர்களை!”

“வெளிய யாரும் இல்லைன்னு உங்க பதிவேடே சொல்லுதே.”

நயம்பாடியார் காவலரை அழைக்கச் சொன்னார். எழுத்தர் தயங்கித் தயங்கி அவர் காதருகே போனார். வெளியே ஆட்கள் இருப்பதாக எழுதிக்கொடுத்தால்தான் காவலர் வருவார்கள் என்றும், அப்படி எழுதுவது அரச அறிவிப்பை மறுப்பதாகும் என்றும் சொன்னார். நயம்பாடியார் உடனே காவலர் வேண்டாமென்றார். சாப்பாடோ கீழே இருந்தது. இறங்க வேறு வழியும் இல்லை.

ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மணி நேரம் போயிற்று. பசி தாங்காத செங்கீரனார்தான் முதலில் வெளியே வந்து மேல்படியில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த பெண் தன் கேழ்வரகு அடையில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். “இதுல கால் போக மீதி எவ்வளவுன்னு சொல்லுங்க” என்று அவள் கேட்டதற்கு அவர் தின்றுகொண்டே பதில் சொல்ல நேர்ந்தது. தப்பாகச் சொன்னார்.

மூன்றாவது மணியில் முதல்வர் குரல் தாழ்ந்தது. “உனக்கு என்னதாம்மா வேணும்?”

“ஒரு கூட்டம். இங்கயே. எல்லாருக்கும் காது கேக்குற மாதிரி.”

அப்படித்தான் அந்தக் கல்லூரியின் வரலாற்றில் முதன்முறையாக மன்றம் படிக்கட்டில் கூடியது. வஞ்சிக்கொடி நீளமாகப் பேசவில்லை. முப்பத்தெட்டு பேரின் பெயரைச் சொன்னாள். இப்போது அவர்கள் எங்கே என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று சொன்னாள். பிறகு, “கேடயம் படிக்காதுங்க. வேற எங்கயாவது வைங்க” என்று முடித்தாள். நாற்பத்திரண்டு பேரில் இருபத்தாறு பேர் கை தூக்கினார்கள். வகுப்பு தொடரும் என்று முடிவாயிற்று. கடற்கரையாண்டி எழுந்து, கதவில் இருந்த கணக்கின் விடையை எழுதிவிட்டு இறங்கினான்.

வெள்ளிக்கிழமை மடல் வந்தது. ‘நயம்பாடியாரின் படி வகுப்புத் திட்டம் மாபெரும் வெற்றி. அரசர் பாராட்டு. அரவணைப்பு அமைச்சராக உயர்வு.’ காத்தாயி கொதித்தாள். வஞ்சிக்கொடி, “வகுப்பு நடக்குதுல்ல, பேரு யாருக்குப் போனா என்ன” என்று தாளை அவளிடமே கொடுத்தாள். மறுபக்கத்தில் சிறிய எழுத்தில் ஓர் ஆணை இருந்தது. அன்று அதை அவள் படிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, நான்காம் ஆற்றங்கரையிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் பார்த்தறியாத ஓர் ஆசிரியை எழுதியிருந்தாள்.

‘எனக்கும் கால் வராது. எங்கள் பள்ளி சமதரையில் இருந்தது, இதுவரை ஒரு தொல்லையும் இல்லை. நேற்று கொத்தனார்கள் வந்து வாசலில் நாற்பத்தொரு படி கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். படி வகுப்புத் திட்டமாம், நாடு முழுக்க எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டுகிறார்களாம். கேட்டால், “உங்களைப் போன்றவர்களுக்காகத்தான், உங்களில் ஒருவர் கேட்டுப் பெற்றது” என்கிறார்கள். அம்மா, நீங்கள் அவர்களிடம் அப்படி என்னதான் கேட்டீர்கள்?’